பிக்கார்டை மாற்றியபின் செயலிழந்த டோன் குமிழ்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தைப் பின்பற்றிய ஓர் எலெக்ட்ரிக் கிதார் என்னிடம் பழுதுபார்க்க வந்தது. மூன்று ஒற்றைச்சுருள் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள்), அவற்றைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்ச், ஒரு வால்யூம் குமிழ், இரண்டு டோன் குமிழ்கள், ட்ரெமோலோ பிரிட்ஜ் (கோலை அழுத்திச் சுருதியை வளைக்க உதவும் தந்தித் தாங்கி), 22 ஃபிரெட்டுகள். தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகும் எளிய ரகம். அந்த மாடல் இப்போது உற்பத்தியில் இல்லை. உரிமையாளர் ஒரு குழுவில் ரிதம் வாசிக்கும் இளம்பெண். அண்ணன் வாசித்துவிட்டுத் தந்த கிதார் என்பதால், அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

கிதாரில் முதலில் இருந்த வெள்ளை பிக்கார்டு, அதாவது உடலின் முகப்பில் திருகிப் பொருத்தும் பிளாஸ்டிக் தகடு, பழுப்பேறியிருந்தது. திருகுகளை அளவுக்கு மீறி இறுக்கியதால் பல துளைகளின் ஓரத்தில் விரிசல் விட்டு, மேல் கொம்பின் (கழுத்துக்கு மேலே நீளும் பகுதியின்) முனையில் ஒரு துண்டு உடைந்தும் போயிருந்தது. உரிமையாளர் '11 துளை' என்று குறிக்கப்பட்ட கறுப்பு நிற மூவடுக்கு பிக்கார்டு ஒன்றை வாங்கி, வீட்டிலேயே மாற்றிவிட்டார். ஒயர்கள் போதிய நீளத்தில் இருந்ததால், பிக்கப்புகள், பாட்கள் (குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறுமின்தடைகள்), ஸ்விட்ச் ஆகிய மொத்தத்தையும் இணைப்பு எதையும் பிரிக்காமல் பழைய தகட்டிலிருந்து புதியதற்கு இடம் மாற்ற முடிந்திருக்கிறது. அந்த அளவில் அவர் செய்தது நேர்த்தியான வேலைதான்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. லெஸ் பால் வகைக் கிதாரில் பிக்கார்டு என்பது ஒரு தாங்கியும் ஓரிரு திருகுகளும் பிடித்து நிறுத்தும் தனித் துண்டு. கழற்றி வைத்துவிட்டே பலர் வாசிக்கிறார்கள், ஒலியில் மாற்றம் இராது. டெலிகாஸ்டர் வகையில் பாட்களும் ஸ்விட்சும் தனியான உலோகத் தகட்டில் அமர்ந்திருக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் மட்டும், வெளியீட்டு ஜாக் (கேபிளைச் செருகும் இடம்) நீங்கலாக, மின்சுற்று ஏறக்குறைய முழுவதும் பிக்கார்டின் அடியில்தான் தொங்குகிறது. பிக்கின் கீறலிலிருந்து மரத்தைக் காப்பது அதன் வேலைகளுள் மிகச் சிறியது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எதுவும் வியப்பூட்டாது.

கருவி வந்தபோது கண்டவை

உரிமையாளர் சொன்ன குறைகள் இவை: இரைச்சல் முன்பைவிட அதிகம்; இரண்டு டோன் குமிழ்களும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒலி மாறவில்லை; சட்டைக் கை பிக்கார்டில் உரசினால் ஆம்ப்ளிஃபயரில் சடசடவென்று சத்தம்; ட்ரெமோலோ கோலை அழுத்தி விட்டால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை.

"அண்ணா, நான் ஒரு ஒயரைக்கூட வெட்டவில்லை, எதையும் சூடாக்கவும் இல்லை. பிறகு டோன் மட்டும் எப்படிச் செத்துப்போகும்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த நிகழ்வை எழுதிவைக்கத் தூண்டியதே அந்தக் கேள்விதான்.

கண்ணால் பார்த்தபோது அவர் சொல்லாத சிலவும் தெரிந்தன. பிக்கார்டு தட்டையாக இல்லை. கழுத்துப் பக்க பிக்கப்புக்கும் நடு பிக்கப்புக்கும் இடையே, மேல் பக்கத்தில், லேசாகப் புடைத்திருந்தது. அங்கே ஒரு திருகு சாய்வாக ஏறியிருந்தது. கழுத்து மூட்டின் அருகிலும் கீழ்க் கொம்பிலும் அதே கதை. பிக்கார்டின் பின் விளிம்பு பிரிட்ஜ் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடையே ஒரு தாளைச் செருகினால் நுழையவில்லை. டோன் குமிழைத் திருப்பியபோது குமிழுக்கு அடியில் இருந்த பாட்டும் சேர்ந்து கொஞ்சம் சுழன்றது. உயர்ந்த ஃபிரெட்டுகளில் தடித்த தந்திகளை மீட்டினால் சுருதி நடுங்கியது. பிக்கப்புகள் தந்திக்கு மிக அருகில் உயர்த்தப்பட்டிருந்ததால், காந்தங்கள் தந்தியின் அதிர்வை இழுத்துப் பிடிப்பதன் அறிகுறி அது.

பிரிக்காமலே அளந்தவை

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து அளப்பது என் வழக்கம். வால்யூம் முழுவதும் திறந்த நிலையில், ஸ்விட்சில் ஒற்றைப் பிக்கப் ஒலிக்கும் 1, 3, 5 ஆம் நிலைகளில் ஏறத்தாழ 6 கிலோ ஓம் காட்டியது. இரண்டு பிக்கப்புகள் இணையாக ஒலிக்கும் 2, 4 ஆம் நிலைகளில் அதில் பாதி. ஆகவே சுருள்கள் நலம், ஸ்விட்ச் நலம். மாற்றும்போது மெல்லிய சுருள் கம்பி அறுந்திருக்குமோ என்ற அச்சம் அந்த நிமிடமே நீங்கியது.

அடுத்தது இரைச்சல். எல்லா இரைச்சலும் ஒரே வழியில் வருவதில்லை. மின்விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய தாழ்ந்த உறுமல் பெரும்பாலும் காந்தப்புலமாக வந்து சுருளிலேயே தூண்டப்படுகிறது. மெல்லிய உலோகத் தாள் எதுவும் அதைத் தடுக்காது. அதற்கு மேலே கேட்கும் கரகரப்பு மின்புலமாக வருவது. எர்த் செய்யப்பட்ட உலோக மறைப்பு அதைத் தடுக்கும். இரண்டையும் பிரித்துக் கேட்க இந்த வகைக் கிதாரிலேயே ஒரு வசதி உண்டு. நடு பிக்கப் மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்த முனையும் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தால், 2, 4 ஆம் நிலைகளில் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இந்தக் கிதாரில் அந்த நிலைகளுக்குப் போனதும் உறுமல் அடங்கியது, கரகரப்பு அப்படியே நின்றது. பிக்கப்புகளின் முனைத்திசையும் இணைப்பும் சரி. கோளாறு மறைப்பிலோ எர்த்திலோ இருக்க வேண்டும் என்று ஆயிற்று.

தந்திகளைத் தொட்டால் கரகரப்பு குறைந்தது. பிரிட்ஜ் எர்த் ஒயர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சான்று. (தொட்டால் குறைவதையே கோளாறு என்று நினைத்துக் கிதாரைத் தூக்கிவருபவர்கள் உண்டு. வாசிப்பவரின் உடல் ஓர் ஆண்டெனா. தந்தி வழியாக அது எர்த் ஆவதால் சத்தம் குறைவது இயல்பு.) பிறகு டோன் குமிழ்களைக் கழற்றி, பாட்டின் உலோகத் தண்டில் விரலை வைத்தேன். கரகரப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. வால்யூம் தண்டில் வைத்தபோது தந்தியைத் தொட்டது போலவே குறைந்தது. கேபிள் பிளக்கின் எர்த் பகுதிக்கும் வால்யூம் தண்டுக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்டியது. டோன் தண்டுகள் இரண்டிலும் தொடர்பே இல்லை.

ஒரு திருகைக்கூட அசைக்காமல் விடை கிடைத்துவிட்டது: டோன் பாட்களின் உலோகக் கூடுகள் எர்த் இல்லாமல் மிதக்கின்றன. ஏன் என்பதுதான் மிச்சம்.

பழைய பிக்கார்டு சொன்னது

தந்திகளை இறக்கி, பிக்கார்டைத் தூக்கிப் பார்த்தபோது ஒயர்கள் தொழிற்சாலையில் இட்டபடியே இருந்தன. மூன்று பிக்கப்புகளின் எர்த் ஒயர்கள், ஜாக்கின் எர்த், ட்ரெமோலோ ஸ்பிரிங்குகளைப் பிடிக்கும் தகட்டிலிருந்து வரும் ஒயர் எல்லாம் வால்யூம் பாட்டின் முதுகில் பற்றவைக்கப்பட்டிருந்தன. இரண்டு டோன்களுக்கும் பொதுவான 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் ஒரு கால் முதல் டோன் பாட்டின் முதுகில் பற்றவைக்கப்பட்டிருந்தது. வால்யூம் கூட்டையும் டோன் கூடுகளையும் இணைக்கும் ஒயர் எங்குமே இல்லை. அறுந்து விழுந்த தடயமும் இல்லை. பற்றவைத்த அடையாளமே இல்லாத சுத்தமான உலோகம்.

பழைய பிக்கார்டைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா என்று கேட்டேன். நல்லவேளை, வீட்டில் இருந்தது, கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்ததும் எல்லாம் விளங்கியது. குமிழ்கள் அமரும் பகுதியின் பின்புறம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. மூன்று பாட் துளைகளைச் சுற்றியும் பளபளப்பான வட்டங்கள். பாட்களின் உலோக முகம் தாளை அழுத்திக்கொண்டிருந்த இடங்கள் அவை. தயாரிப்பாளர் ஒயருக்குப் பதிலாக அந்தத் தாளையே எர்த் பாதையாகப் பயன்படுத்தியிருக்கிறார். வால்யூம் கூட்டிலிருந்து தாளுக்கு, தாளிலிருந்து டோன் கூடுகளுக்கு.

புதிய பிக்கார்டின் பின்புறம் வெறும் பிளாஸ்டிக். உரிமையாளர் ஒயர் எதையும் வெட்டவில்லை என்பது உண்மை. அவர் கழற்றி வைத்த தகட்டோடு ஓர் இணைப்பும் போய்விட்டது, அவ்வளவுதான்.

டோன் ஏன் முற்றிலும் செத்தது என்பதும் இதிலிருந்தே புரியும். டோன் குமிழ் செய்வது, உயர்ந்த அதிர்வெண்களைக் கெபாசிட்டர் வழியாக எர்த்துக்கு வடித்துவிடுவது. கெபாசிட்டரின் கால் நின்ற கூடே எர்த்தில் இல்லாதபோது வடிய இடமில்லை. அதே கூடு, திறந்த ஆண்டெனாவாக மாறிக் கரகரப்பையும் வாங்கி உள்ளே அனுப்பியது. சடசடப்பும் இதன் உறவினரே. புதிய பிளாஸ்டிக்கின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தை உரிக்கும்போதும், பிறகு துணி உரசும்போதும் நிலைமின்னேற்றம் சேர்கிறது. அடியில் எர்த் செய்யப்பட்ட உலோகத் தாள் இருந்தால் அந்தத் தொந்தரவு பெரிதும் குறையும். இங்கே தாளே இல்லை.

பதினொரு துளை என்ற லேபிள்

திருகுத் துளைகள் பொருந்தாததற்குப் பிக்கார்டில் கோளாறு என்று குறை சொல்ல முடியாது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954 இல் வெளிவந்தபோது அதன் பிக்கார்டு ஒற்றை அடுக்கு, எட்டுத் திருகுகள். 1959 இல் மூன்று அடுக்கும் பதினொரு திருகுகளும் வந்தன. அன்றைய மூவடுக்குத் தகடுகள் செல்லுலாய்டு. காலப்போக்கில் அதிலிருக்கும் கற்பூரம் ஆவியாகி, தகடு சுருங்கி, திருகுகளைப் பக்கவாட்டில் இழுத்து, துளையோரங்களில் வெடிக்கும். 1960களின் நடுவில் வேறு வகை பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். பின்னாளைய பதினொரு துளை அமைப்பில் ஒரு திருகின் இடமும் மாறியது. ஆகவே 'பதினொரு துளை' என்று சொன்னாலே குறைந்தது இரண்டு அமைப்புகள். அந்த வடிவத்தைப் பின்பற்றும் பிற தயாரிப்பாளர்கள் தங்கள் வசதிப்படி மேலும் சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இடமும் ஒன்றாக இருக்கும் என்று கொள்ள முடியாது.

இந்தக் கிதாரில் எட்டுத் துளைகள் பொருந்தின. மூன்று பொருந்தவில்லை. மேல் பக்க நடுத்துளை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. மற்ற இரண்டும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். தள்ளியிருக்கும் அளவு அதிகமானால் சிக்கல் அதிகம் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. நான்கு மில்லிமீட்டர் தள்ளி ஒரு புதிய துளையைச் சுத்தமாகப் போட்டுவிடலாம். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் ட்ரில் பிட் வழுக்கிப் பழைய துளைக்குள்தான் விழும், திருகும் அதன் பின்னாலேயே சாயும். சாய்ந்த திருகுகள் மூன்றும் சேர்ந்து தகட்டைப் பிரிட்ஜ் பக்கமாக இழுத்திருந்தன; சுருதி திரும்பாததற்குக் காரணம் அந்த உரசல்.

பாட் துளைகளிலும் அளவு வேறுபாடு. அமெரிக்க வகைப் பாட்களின் மரையிட்ட கழுத்து 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர், புதிய பிக்கார்டு அதற்கேற்பத் துளையிடப்பட்டது. இந்தக் கிதாரின் சிறிய மெட்ரிக் பாட்களின் கழுத்து 7 மில்லிமீட்டர். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பாட் மையத்தில் நிற்காமல் நகர்ந்தது. ஒவ்வொரு சுழற்சியும் முதுகில் உள்ள பற்றவைப்புகளை முறுக்கியது. இன்னும் கொஞ்ச நாள் வாசித்திருந்தால் அவற்றில் ஒன்று விட்டிருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புதிய பிக்கார்டையே வைத்துக்கொள்வதா என்பது முதல் முடிவு. பழையதை ஒட்டிச் சீர்செய்யலாம், ஆனால் துளையோர விரிசல் ஒட்டினால் நிற்பதில்லை. சரியான அமைப்பில் தயாரித்தது இந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. பழையதை அச்சாக வைத்து வெற்றுத் தகட்டிலிருந்து புதிதாக வெட்டுவது மிகச் சுத்தமான வழி. ஆனால் உரிமையாளர் ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டார், பொருந்தாத மூன்று துளைகளுக்காக அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் மாற்ற வேண்டியது பிக்கார்டின் துளைகளையா, மரத்தின் துளைகளையா? பிக்கார்டின் துளைகளை நீள்வட்டமாக அரவிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். இந்தத் திருகுகளின் தலை கூம்பு வடிவம். வட்டக் குழியில்தான் முழுதாக அமரும். நீள்வட்டத்தில் அது ஒரு பக்கமாக அமர்ந்து, முன்பு விரிசல் விட்ட அதே வழியில் தகட்டைப் பிளக்கும். எனவே மரத்தில் இருந்த மூன்று துளைகளை அடைத்துப் புதிதாகப் போட முடிவு செய்தோம். அடைத்த இடங்கள் பிக்கார்டுக்கு அடியில் மறைந்துவிடும்.

இந்த முடிவை எல்லாக் கிதாருக்கும் நீட்டிவிடக் கூடாது. பழமைக்காக மதிக்கப்படும் கருவி என்றால் உடலில் ஒரு புதிய துளையும் கூடாது. அங்கே பலியாக வேண்டியது பிக்கார்டுதான். இதை உரிமையாளரிடம் சொன்னபோது, "இது விற்பதற்கில்லை அண்ணா, வாசிப்பதற்கு" என்றார். அதன்பின் தயக்கம் இல்லை.

எர்த்துக்கு ஒயர் போதுமா, தாள் போதுமா என்பதில் இரண்டும் வேண்டும் என்று தீர்மானித்தேன். தாள் மறைப்பாக இருக்கட்டும். பாதையாக அதை நம்புவது எனக்கு ஒப்பவில்லை. நட்டின் இறுக்கத்தையும் அலுமினியத்தின் மேற்பரப்பையும் நம்பி நிற்கும் இணைப்பு, நட்டு தளரும் நாளில் போய்விடும். ஒயரும் தாளும் சேர்ந்தால் எர்த் வளையம் உருவாகி இரைச்சல் கூடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. ஒரு கிதாரின் குழிக்குள் அடங்கும் அவ்வளவு சிறிய வளையத்தால் காதில் விழும் தீங்கு ஏற்பட்டு நான் பார்த்ததில்லை.

பாட்களை 9.5 மில்லிமீட்டர் வகைக்கு மாற்றுவது எளிய தீர்வாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பாட்களின் தண்டுப் பற்கள் வேறு எண்ணிக்கையில் இருக்கும். குமிழ்களும் மாற வேண்டும், எல்லா இணைப்புகளையும் பிரித்து மறுபடி பற்றவைக்க வேண்டும். நலமாக இருக்கும் மூன்று பாட்களுக்காக அவ்வளவு தூரம் போவது வீண். துளையை நிரப்பும் பிளாஸ்டிக் வளையமும் அகன்ற வாஷரும் போதும் என்று விட்டேன்.

உடலின் குழி முழுவதையும் செப்புத் தாளால் மூடுவது பற்றியும் உரிமையாளர் கேட்டார். அதை இப்போது வேண்டாம் என்று சொன்னேன். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

வேலை நடந்த வரிசை

முதல் தந்தி 0.009 அங்குலத் தடிமனில் தொடங்கும் மெல்லிய தந்திக் கட்டு சுருதியில் இருக்கும்போது கழுத்தின் மீதான மொத்த இழுவிசை சுமார் 38 கிலோ. அதைப் படிப்படியாக இறக்கிய பின்பே கழுத்துத் திருகுகளைத் தளர்த்தினேன். 22 ஃபிரெட் கழுத்தில் விரல்பலகையின் நுனி பிக்கார்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். கழுத்தைத் தளர்த்தாமல் தகட்டை வளைத்து உருவ முயன்றால் கழுத்தோரம் உடையும். புதிய தகட்டில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சிறு சில்லு போயிருந்தது.

தகட்டின் இடத்தைத் தீர்மானிப்பதில்தான் அதிக நேரம் செலவிட்டேன். திருகுத் துளைகளை அல்ல, அசையாத மூன்று பொருள்களைப் பார்த்து இடம் குறிக்க வேண்டும்: கழுத்து, பிரிட்ஜ், வெளித்தந்திகள் இரண்டு. முதல் தந்தியையும் ஆறாம் தந்தியையும் மட்டும் மாட்டி, அவை பிக்கப் காந்த முனைகளுக்கு மேலே ஓடும்படி தகட்டை நகர்த்தி, மாஸ்கிங் டேப்பால் நிறுத்தினேன். பிரிட்ஜ் பக்கம் இன்னும் கால் மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை. அந்த விளிம்பை மெல்லிய அரத்தால் தேய்த்து, தாள் தடையின்றி நுழையும் அளவுக்கு விட்டேன். தேய்த்த ஓரத்தைப் பழைய சாய்வுக்கே கொண்டுவந்தேன், இல்லையென்றால் நடுவில் உள்ள வெள்ளை அடுக்கு அங்கே மட்டும் மெலிந்து தெரியும்.

பிறகு துளைகள். பல்குத்தும் குச்சியையும் மரப்பசையையும் வைத்து அடைப்பது, அதே இடத்தில் தளர்ந்துபோன துளைக்குப் போதும். இடம் நகரும்போது அது உதவாது. குச்சிகளுக்கு இடையில் இருக்கும் பசைக்கோட்டைப் பின்பற்றி ட்ரில் பிட் ஓடிவிடும். எனவே மூன்று துளைகளையும் சற்று அகலமாக்கி, கடினமரத்தில் சீவிய சிறு முளைகளைப் பசையோடு இறக்கி, முழுதும் காய விட்டு, மேற்பரப்போடு சமமாக வெட்டினேன். பிக்கார்டை மறுபடி வைத்து, அதன் துளை மையத்தை ஊசியால் குத்திக் குறித்தபின், 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த பிட்டால் முன்துளை. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தை அளவிட்டுக்கொண்டேன். திருகுகளின் மரையில் கொஞ்சம் மெழுகு.

பின்புறம் முழுவதும் பசையுள்ள செப்புத் தாள் ஒட்டினேன். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது, செப்பில் பிடிக்கும் என்பதே தேர்வுக்குக் காரணம். இரண்டு பட்டைகள் மேலேறும் இடத்தில் பசை மின்சாரத்தைத் தடுக்கக்கூடும். அதனால் ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு துளி ஈயம் வைத்து மீட்டரால் சரிபார்த்தேன். இந்த வேலையைப் பாட்களும் பிக்கப்புகளும் இல்லாத வெற்றுத் தகட்டில் முடித்துவிட வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் பற்றவைக்கும் அயர்னை ஒரு கணத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

மூன்று பாட் கூடுகளையும் ஒரே ஒயரால் இணைத்து, அதிலிருந்து ஒரு துண்டைத் தாளுக்கும் கொடுத்தேன். பாட்டின் முதுகில் பற்றவைப்பது பலருக்குத் தொல்லை தரும் வேலை. சுரண்டிச் சுத்தம் செய்த உலோகம், நல்ல வெப்பம், குறைந்த நேரம் என்ற வரிசையில் செய்தால் உள்ளேயிருக்கும் கரித்தடத்துக்கு ஆபத்தில்லை. பலவீனமான அயர்னை நிமிடக்கணக்கில் அழுத்திக்கொண்டிருப்பதுதான் பாட்டைக் கெடுக்கிறது.

மீண்டும் திருகுகளை ஏற்றும்போது முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, பழைய மரையில் 'டிக்' என்று விழும் இடம் தெரிந்த பிறகே உள்ளே ஓட்டினேன். பதினொன்றையும் பாதிவரை ஏற்றிவிட்டு, பிறகு சுற்றிவந்து இறுக்கம். தலை குழியில் அமர்ந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு கால் சுற்றும் அடுத்த விரிசலுக்கான முன்பணம்.

கடைசியாகப் பிக்கப் உயரம். தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, ஆறாம் தந்திக்கும் காந்த முனைக்கும் 2.4 மில்லிமீட்டர், முதல் தந்திக்கு 2 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்கினேன். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் காதுக்கேற்பச் சிறிது உயர்த்தினேன்.

விளைவு

பிளக்கின் எர்த்திலிருந்து மூன்று பாட் தண்டுகளுக்கும் தாளுக்கும் தொடர்பு கிடைத்தது. டோன் குமிழ்கள் இரண்டும் வேலை செய்தன. 2, 4 ஆம் நிலைகளில் கிதார் ஏறக்குறைய அமைதியானது. 1, 3, 5 இல் உறுமல் தொடர்ந்தது. ஒற்றைச்சுருள் பிக்கப்பின் இயல்பு அது, தாள் ஒட்டி அதைப் போக்க முடியாது என்பதை முன்பே சொல்லியிருந்ததால் உரிமையாளர் ஏமாறவில்லை. சுருதி நடுக்கம் போனது. ட்ரெமோலோ கோலை அழுத்தி விட்டபின் சுருதி திரும்பியது.

சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்தேன். முளை அடித்த மூன்று துளைகளும் உறுதியாக இருந்தன, தகடு தட்டையாக இருந்தது. காற்று மிகவும் வறண்டிருந்த ஓர் அறையில் வாசித்தபோது சடசடப்பு லேசாகத் தலைகாட்டியதாகச் சொன்னார். நிலைமின் எதிர்ப்புத் துணியால் மேற்பரப்பைத் துடைத்ததும் நின்றிருக்கிறது. முதல் டோன் பாட்டின் நட்டு சிறிது தளர்ந்திருந்தது. ஒயர் இருந்ததால் டோன் தொடர்ந்து வேலை செய்தது. தாளை மட்டும் நம்பியிருந்தால் அதே நாளில் பழைய கோளாறு திரும்பியிருக்கும். வாஷரைப் பல் உள்ளதாக மாற்றினேன்.

அடுத்த முறை மாற்றிச் செய்பவை

இந்த வகை வேலைக்கு வருபவர்களிடம் பழைய பிக்கார்டையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்கிறேன். இந்தக் கிதாரில் மீட்டர் 'என்ன' என்பதைச் சொன்னது. 'ஏன்' என்பதைச் சொன்னது அந்தத் தகட்டின் பின்புறம். அது குப்பைக்குப் போயிருந்தால், எப்போதோ ஓர் ஒயர் விட்டுப்போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு வேலையை முடித்திருப்போம்.

வாங்குவதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய தகட்டை ஒரு தாளில் வைத்து வெளிக்கோடும் துளைகளும் வரைந்து, விற்பவரின் அளவுப் படத்தை நூறு சதவீத அளவில் அச்சிட்டு, ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், துளைகளின் எண்ணிக்கையைப் படிப்பதைவிட அதிகம் தெரியும். அச்சு இயந்திரம் அளவைச் சுருக்கவில்லை என்பதை ஓர் அளவுகோலால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பாட் கழுத்தின் விட்டம், ஸ்விட்ச் திருகுகளின் மரை ஆகியவற்றையும் அப்போதே அளந்துவிடலாம். இந்தக் கிதாரில் ஸ்விட்ச் திருகுகள் பொருந்தின. எப்போதும் அப்படி இருப்பதில்லை.

வீட்டில் மாற்றுபவர் பிரிப்பதற்கு முன்பே, கேபிள் பிளக்கிலிருந்து ஒவ்வொரு பாட் தண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், மாற்றியபின் அதே அளவீட்டை எடுத்து ஒப்பிட முடியும். பழைய தகட்டின் பின்னால் தாள் இருந்து, பாட்களை இணைக்கும் ஒயர் இல்லை என்றால், புதிய தகட்டுக்கு மாறும் அதே நேரத்தில் அந்த ஒயரையும் போட்டுவிட வேண்டும். பற்றவைக்கத் தெரியாதவர் அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒருவரிடம் கொடுக்கலாம்.

குழி முழுவதும் செப்புத் தாள் ஒட்டுவது இன்னும் நிலுவையில் இருக்கிறது. உரிமையாளர் பிரிட்ஜ் பிக்கப்பை மாற்றும் யோசனையில் இருப்பதால், பிக்கார்டை மறுபடி தூக்கும் அந்த நேரத்தில் அதையும் சேர்த்துச் செய்வதாகப் பேசி வைத்திருக்கிறோம்.